கம்பியை விட்ட கை

ஈத் விடுமுறை முடிந்து ஆலை திறந்த நாளில், ஏழாம் வரிசையில் காலர் பொருத்தும் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலி காலியாகவே கிடந்தது. சூப்பர்வைசர் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருத்திக்கு வயிற்றுவலி. ஒருத்திக்குக் காலர் வேலை மறந்துவிட்டது. இன்னொருத்தி காதில் விழாதவள்போல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அது கோஹினூரின் இடம். பெருநாளைக்கு ஊருக்குப் போகும் வழியில் கோஹினூர் ஆற்றில் விழுந்து செத்துப்போயிருந்தாள்.

டாக்காவில் சட்டை தைக்கும் அந்த ஆலையின் மருத்துவ அறையில் நான் நர்ஸாக இருக்கிறேன். பெயர் மொனோவாரா. தையல் பெண்கள் எல்லாருக்கும் நான் நர்ஸ் ஆபா, அதாவது நர்ஸ் அக்கா. கோஹினூர் என் அறைக்கு அடிக்கடி வந்தவள்தான். போலா தீவுக்காரி, வாய் ஓயாதவள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கை மரத்துப்போகிறது என்று வருவாள். தைலமும் மாத்திரையும் கொடுப்பேன். கடைசியாக வந்தபோது நான் நீட்டிய தண்ணீர்க் கிளாஸ் அவள் விரல்களுக்கு நடுவே நழுவி விழுந்து உடைந்தது. "பாத்தீங்களா ஆபா, கை என்னுது, பேச்சு மட்டும் கேக்க மாட்டேங்குது. என் புருஷன் மாதிரி," என்று சிரித்தாள். துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தவளின் கட்டைவிரல் அடிச்சதை குழிந்து தட்டையாக இருந்ததைப் பார்த்தேன்.

அவளுடைய ஊர்த் தோழி ஜுலேகா. இருவரும் ஒரே வரிசையில் தைத்தார்கள், ஒரே அறையில் குடியிருந்தார்கள், ஒரே லாஞ்சில், ஆற்றுப் பயணக் கப்பலில், ஊருக்குக் கிளம்பினார்கள். பெருநாள் கூட்டம். ஸதர்காட் துறையிலிருந்து லாஞ்ச் நகரத் தொடங்கிவிட்டது. ஜுலேகா முதலில் தாவி ஏறினாள். கோஹினூர் தோளில் பையோடு பின்னாலேயே தாவி, கம்பியைப் பிடித்துவிட்டாள். கால் இன்னும் பலகையில் பதியவில்லை.

"நல்லாத்தான் புடிச்சிருந்தா ஆபா," என்று ஜுலேகா என்னிடம் சொன்னாள். "நான் திரும்பிப் பாக்குறேன், அந்தக் கை அப்படியே விரியுது. வழுக்கல, யாரும் இடிக்கல. தானா விரிஞ்சுது. அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் கைய நீட்டுறதுக்குள்ள..."

துறையில் நின்றவர்களும் அதைப் பார்த்திருந்தார்கள். "தானே விட்டுட்டா" என்று யாரோ கத்தினார்கள். உடல் கரை ஒதுங்குவதற்கு முன்பே அந்தச் சொல் போலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புருஷன் விட்டவள், தானே விட்டாள். ஊரார் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவளுக்கு ஜனாஸா தொழுகை நடத்தலாமா என்று உடலை வைத்துக்கொண்டே வாதம் நடந்ததாம். கடைசியில் அவசர அவசரமாகத் தொழுது, இடுகாட்டில் பள்ளத்தோரமாகக் குழி வெட்டினார்கள்.

காலியாகக் கிடந்த முக்காலிக்குப் புதிதாக ஷிரின் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவள் கோஹினூரைக் கண்ணால் பார்த்தவளும் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆபா, தூங்குறப்போ யாரோ என் கையப் புடிக்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. இறுக்கிப் புடிக்கிறாங்க. முழிச்சுப் பாத்தா கை செத்துக் கெடக்கு. எடுத்து இந்தப் பக்கம் வைக்கணும்னா இன்னொரு கையால தூக்கி வைக்கணும். உதறி உதறித்தான் உசுரு வருது."

அடுத்த மாதச் சம்பளத்தோடு அவள் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின் வந்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்குமேல் யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் போனவள் மேலே ஏற ஒரு கையைத் தேடுகிறாள், அவள் இடத்தில் உட்கார்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று தளம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கழிப்பறைக்குக்கூடப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெண் மெஷின்மேல் மயங்கிச் சரிந்தாள். "கோஹினூர்!" என்று யாரோ அலறினார்கள். அந்தத் தளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் செருப்பைக்கூடத் தேடாமல் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள்.

மேலாளர் மொஸ்தாக் சாகிப் பள்ளிவாசல் இமாமை அழைத்து வந்தார். தையல் மெஷின்களுக்கு நடுவே மிலாத் என்னும் துதி ஓதினார்கள். இமாம் ஹுஜூர் தண்ணீரில் ஓதி ஊதி, வரிசை வரிசையாகத் தெளித்தார். எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள். பெண்கள் விரலை நக்கிக்கொண்டே வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்த முக்காலிக்கு மட்டும் ஆள் வரவில்லை.

அப்போது ஜுலேகா எழுந்து போய் அதில் உட்கார்ந்தாள். "அவ தேடுறது என்னோட கையத்தான். அன்னிக்கு நீட்டாம நின்னது நான்தானே. வரட்டும்," என்றாள். சூப்பர்வைசர் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டுக் காலர் கட்டுகளை அவள் பக்கம் தள்ளினான்.

சில வாரங்களில் அவளுக்கும் வந்தது. மற்றவர்களைப்போல அவள் பயப்படவில்லை. "வந்துட்டுப் போனா ஆபா," என்பாள், பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனதைச் சொல்வதுபோல. அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. பிடிக்கிற கையை உதறக் கூடாது என்று மரத்த கையை அப்படியே விட்டுவிட்டு விடியும்வரை கிடப்பாளாம். அதைக் கேட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ரெஹ்னுமா வந்தது இந்த நேரத்தில்தான். டாக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். வேலை செய்கிற இடம் உடம்புக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதுதான் அவள் படிப்பு. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் மொஸ்தாக் சாகிப் அவளை உள்ளே விட்டிருந்தார். கையில் அளவு நாடா, ஒரு சின்னக் கேமரா. பெண்கள் அவளைத் தையல்காரி என்று கேலி செய்தார்கள். "எங்களுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா மேடம்?" என்றால், "இல்ல, நாற்காலி தைக்கப் போறேன்," என்பாள்.

முதல் வாரம் அவளுக்குத் தோல்விதான். மனித உடம்பு வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, எங்கே வலிக்கிறதோ அங்கே புள்ளி வைக்கச் சொன்னாள். தாள்கள் வெறுமையாகவே திரும்பி வந்தன. யாருக்கும் வலியே இல்லையா என்று என்னிடம் வந்து திகைத்தாள்.

"படத்தைப் பாருங்க," என்றேன். "ஒட்டுத்துணி இல்லாம நிக்குது. சூப்பர்வைசர் பக்கத்துல நிக்குறப்போ அதோட இடுப்புலயும் மாருலயும் எந்தப் பொண்ணு புள்ளி வைப்பா?"

ரெஹ்னுமா படத்தைப் பார்த்தாள். அவள் காது சிவந்தது. "இது வெளிநாட்டுலேர்ந்து வந்த படம். நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம்," என்றாள். மறுநாள் அவளே சல்வாரும் துப்பட்டாவும் போட்ட ஒரு பெண்ணை வரைந்து எடுத்து வந்தாள். பெண்கள் அந்தத் துப்பட்டாக்காரியின் கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாவற்றையும் புள்ளி வைத்தே கறுப்பாக்கித் தந்தார்கள்.

மதியத் தொழுகை அறையில்தான் அவள் ஜுலேகாவைக் கவனித்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். நெற்றியைத் தரையில் வைக்கும்போது எல்லாரும் உள்ளங்கையை விரித்து ஊன்றுவார்கள். ஜுலேகா முஷ்டியை மடக்கி ஊன்றினாள். முன்வரிசையில் இன்னும் இரண்டு பேரும் அப்படித்தான்.

தொழுகை முடிந்ததும் ரெஹ்னுமா அவளருகே நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏன் ஆபா கைய மடக்கிக்கிறீங்க?"

"விரிச்சா மணிக்கட்டு ஒடியற மாதிரி இருக்கு. அல்லாஹ் கோவிச்சுக்க மாட்டான். அவனுக்குத் தெரியும், என் கை எனக்குச் சொந்தமில்லன்னு."

"யாருக்குச் சொந்தம்?"

ஜுலேகா என்னைப் பார்த்தாள். நான் சொல்லச் சொன்னேன். அவள் கோஹினூரைப்பற்றிச் சொன்னாள். ரெஹ்னுமா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "எனக்கு ஒண்ணு செஞ்சு காட்டுவீங்களா?" என்று கேட்டாள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை முழுக்க மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஜுலேகா அப்படியே வைத்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஜுலேகாவின் முகம் வெளுத்துப்போனது.

"வந்துட்டா," என்றாள்.

"எங்க?"

"இங்கதான். கட்டைவிரலப் புடிச்சிட்டா. ஆபா, பட்டப்பகல்ல வந்துட்டா."

"கைய நேரா நீட்டுங்க."

நீட்டினாள். சிறிது நேரத்தில் அவள் மூச்சு இறங்கியது. "போயிட்டா," என்றாள் மெதுவாக.

ரெஹ்னுமா மறுபடியும் மடக்கச் சொன்னாள். மறுபடியும் கோஹினூர் வந்தாள். நீட்டச் சொன்னாள். போனாள். என்னையும் செய்யச் சொன்னாள். எனக்கு யாரும் வரவில்லை. முன்வரிசையில் முஷ்டி ஊன்றிய இரண்டு பேருக்கும் வந்தது. அவர்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"உள்ள ஒரு நரம்பு போகுது," என்று ரெஹ்னுமா ஜுலேகாவின் மணிக்கட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "ஒடுங்கின வழி. நீங்க நாள் முழுக்க மணிக்கட்ட மேல மடக்கித்தான் துணியத் தள்ளுறீங்க. மேசை விளிம்பும் அந்த எடத்துலயே குத்துது. வழி வீங்கிப்போச்சு, நரம்பு நசுங்குது. தூங்குறப்போ கைய மடக்கி வெச்சுக்குவோம்ல, அப்ப இன்னும் நசுங்கும். அதான் புடிக்கிற மாதிரி இருக்கு."

ஜுலேகா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ அன்னிக்கு லாஞ்ச்ல? கம்பிய விட்டது யாரு?"

ரெஹ்னுமா அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தாள். "நான் அவங்களப் பரிசோதிக்கல. சத்தியம் பண்ண முடியாது," என்றாள். அப்போது நான் உடைந்த கிளாஸைப்பற்றியும், குழிந்திருந்த கட்டைவிரல் சதையைப்பற்றியும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எந்தக் கை, எந்தப் பக்கம், எவ்வளவு குழி என்று என் கையிலேயே தொட்டுக் காட்டச் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஜுலேகாவிடம் திரும்பினாள்.

"கைதான் விட்டுது. அவங்க விடல."

ஜுலேகா எழுந்து போய், மறுபடியும் தொழுகைக்கு நின்றாள். எந்த வேளைத் தொழுகை என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ரெஹ்னுமா அந்தத் தளத்தில் இருந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து அளந்தாள். முழங்கால் உயரம், முழங்கை உயரம், கண்ணிலிருந்து ஊசிக்கு எவ்வளவு தூரம் என்று. மேசைகள் எங்கோ இருக்கிற வேறு உடம்புகளை அளந்து செய்தவை. காலர் மெஷின் அவற்றிலும் உயரம். அடியில் இருந்த மோட்டார்ப் பெட்டி அதை உயர்த்தியிருந்தது. முக்காலியோ எல்லாருக்கும் ஒரே தாழ்வு. "எங்க படிப்புல ஒரு அட்டவணை இருக்கு ஆபா," என்று என்னிடம் சொன்னாள். "மனுஷ உடம்போட அளவெல்லாம் அதுல இருக்கும். நம்ம பொண்ணுங்க மட்டும் இருக்க மாட்டாங்க."

மொஸ்தாக் சாகிப் அவளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வேலையாட்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வருவார். அன்று மட்டும் தேநீர் சொல்லவில்லை.

"ரெஹ்னுமாம்மா, பேய்னா ஒரு தட்டு ஜிலேபியோட போயிடும். நீங்க சொல்றது போகாது. நாளைக்கு ஒவ்வொருத்தியும் வந்து, என் கையக் கெடுத்தது ஆலைதான்னு நிப்பா. செத்தவளுக்கும் நாங்கதான் பொறுப்புன்னு ஆயிடும். பேசாம அந்தப் பேய அங்கயே விட்டுடுங்களேன்."

"பேய் அந்த மேசையிலதான் இருக்கு சார். நாலு விரக்கடை எறக்கினாப் போயிடும்," என்றாள் ரெஹ்னுமா.

அவர் இமாமை மறுபடியும் வரவழைத்தார். பெண்களைக் கூட்டி, இது கெட்ட காற்றின் வேலை, பொறுமையாக இருங்கள் என்று சொல்லச் சொன்னார். ஹுஜூர் ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம். தளத்தின் நடுவில் நின்று எல்லாரையும் பார்த்தார்.

"நான் ஓதினது உங்க பயம் போகறதுக்கு. செத்துப்போன ஒரு பொண்ணு உங்க கையப் புடிச்சு வதைக்கிறான்னு நான் ஒரு நாளும் சொல்லல. அவ தன் கணக்கோட அல்லாஹ்கிட்ட போயிட்டா. செய்யாத காரியத்த அவ மேல போடாதீங்க, அது பாவம். கை வலிக்குதா, இந்தப் பொண்ணுகிட்ட காட்டுங்க."

சொல்லிவிட்டு அவர் ஜிலேபிக்குக்கூட நிற்கவில்லை. காலர் வேலை தேங்கி, கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு தாமதமாகிக்கொண்டிருந்தது. ஏழாம் வரிசையில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று மொஸ்தாக் சாகிப் சம்மதித்தார்.

மேசைக் கால்களை அறுத்தார்கள். பெட்டியைப் பக்கவாட்டில் மாற்றினார்கள். விளிம்பைச் சீவி, மெத்தை வைத்தார்கள். ஏற்றி இறக்கும் முக்காலிகள் வந்தன. காலரில் ஒருத்தியே நாள் முழுக்க உட்காராமல் மாறி மாறி உட்கார்ந்தார்கள். தூங்கும்போது கை மடங்காமலிருக்க ஜுலேகாவுக்கு அட்டை வைத்துத் துணியால் கட்டு போட்டுக் கொடுத்தேன். குளிர்காலம் முடிந்தபோது அவள் முஷ்டியை விரித்து, உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். ஆனால் கட்டைவிரல் அடியில் சதை வற்றத் தொடங்கியிருந்தது. அது திரும்ப வரவில்லை.

நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு ஆபா. கட்டு போட்டதுலேர்ந்து அவ வரல," என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. வரிசையில் மற்றவர்கள் சிரித்துப் பேசும்போது இவள் மட்டும் எதையோ காது கொடுத்துக் கேட்பவள்போல் இருப்பாள்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள்: "ஊருல அவ அம்மா இருக்காங்க. பொண்ணு தானே விட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டு. நீங்க ரெண்டு பேரும் வருவீங்களா? நான் சொன்னா தோழின்னு பேசுறேம்பாங்க."

மூவரும் போனோம். கோஹினூரின் அம்மா அம்பியா காத்தூன் நாங்கள் வந்த விவரம் கேட்டதும், அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்காரர்களையும், மகளுக்குத் தொழவைக்கத் தயங்கிய ஊர் இமாமையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "இப்ப சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்," என்றாள்.

ரெஹ்னுமா எளிய வார்த்தைகளில் சொன்னாள். ஜுலேகா தன் கட்டைவிரலைக் காட்டினாள். அம்பியா காத்தூன் அந்தக் கையைப் பிடித்து, குழிந்த இடத்தைத் தன் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இதவிட மோசமா இருந்துச்சும்மா. நான் பாத்தேன்," என்றேன்.

"போன தடவ வந்தப்போ சோறு பெசஞ்சா, வாய்க்குப் போறதுக்குள்ள கீழ விழும். மீன்முள்ளு எடுக்கத் தெரியல. பட்டணத்துல ஸ்பூன்ல திங்கப் பழகிட்டியாடின்னு திட்டினேன்." அவள் இன்னும் ஜுலேகாவின் கையை விடவில்லை. "சிரிச்சா."

ஊர் இமாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதை மாட்டிக்கொண்டு எழுந்து, "வாங்க," என்றார். ஊரார் பின்தொடர இடுகாட்டுக்குப் போய், பள்ளத்தோரக் குழிக்கு முன்னால் கை உயர்த்தி, அவசரமில்லாமல் துஆ கேட்டார். கூட்டம் முழுவதும் ஆமீன் சொன்னது. ஜுலேகா அப்போதுதான் அழுதாள்; வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகும் அழுதாள்.

புறப்படும்போது அம்பியா காத்தூன் ரெஹ்னுமாவின் கன்னத்தைத் தடவினாள். "ரொம்பப் படிச்சிருக்கம்மா. நல்லாயிரு," என்றாள். பிறகு, குற்றம் சாட்டும் குரலில் இல்லை, வழி கேட்கிறவள்போல, "நீ கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

ரெஹ்னுமா அந்தக் கையைத் தன் கன்னத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோஹினூர் தைத்த இரண்டாம் தளத்தில் எல்லா வரிசைகளையும் மாற்றிவிட்டார்கள். ஜுலேகா இப்போது தைப்பதில்லை. புதுப் பெண்களுக்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கிறாள். ரெஹ்னுமா எங்கள் பெண்களின் அளவுகளை வைத்துத் தனியாக ஒரு அட்டவணை செய்து, வெளியிட்டும் விட்டாள். வேறு ஆலைகளும் அவளைக் கூப்பிடுகின்றன. ஒவ்வொரு ஆலை வாசலிலும் கால் வைக்கும்போது அந்தத் தாயின் கேள்வி காதில் விழுகிறது என்று போன மாதம் என்னிடம் சொன்னாள். பதில் கிடைத்ததா என்றேன். இல்லை என்று தலையசைத்தாள்.

எங்கள் ஆலையில் மூன்றாம் தளம் இன்னும் பழையபடிதான் இருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் மொஸ்தாக் சாகிப். கோஹினூர் என்ற பெயரைக்கூடக் கேட்டிராத சின்னப் பெண்கள் அங்கே தைக்கிறார்கள். காலை வேளைகளில் அவர்களில் யாராவது என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்காருவாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அட்டையையும் துணியையும் எடுத்து வைத்துவிடுகிறேன்.